மூட்டைக்கும் கணக்கு உண்டு, தம்பி

கேள்வி:

வணக்கம் மேடம். மேலூர் பக்கம் ஒரு கிராமம். வயது 22, எடை 61 கிலோ. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். வாரத்தில் ஆறு நாள் காலை 5.45 முதல் 7 மணி வரை அகாடமியில் ஓட்டம். எல்லா நாளும் முழு வேகம்தான். நாலு நாள் சாயங்காலம் ஜிம். முதல் இரண்டு மாதத்தில் 1500 மீட்டரை 6 நிமிடம் 50 வினாடியிலிருந்து 6 நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன். இப்போது ஒன்றரை மாதமாக நேரம் கூடிக்கொண்டே போய் 6 நிமிடம் 25 வினாடியில் நிற்கிறது. கால் இரும்பு மாதிரி கனக்கிறது. உடம்பெல்லாம் அசதி, ஆனால் படுத்தால் தூக்கம் வருவதில்லை. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். வலது காலில் முட்டிக்குக் கீழே முன்னெலும்பில் வலி. கோச்சிடம் சொன்னால், "லாக்டிக் ஆசிட் சேர்ந்திருக்கு, இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு, கரைஞ்சிடும்" என்கிறார். சீனியர் அண்ணன் ஒருவர் ஓடுவதற்கு முன் வலி மாத்திரை தருகிறார். புரோட்டீன் பவுடர் வாங்கலாமா? ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்தால் சரியாகுமா? எனக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. வாரத்தில் நாலு ராத்திரி மட்டும் மாமாவோடு மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் லோடு இறக்கப் போவேன். பகலில் நத்தம் ரோடு நூலகத்தில் படிக்கிறேன்.

பதில்: விளையாட்டு இயன்முறை மருத்துவர், மதுரை

தம்பி, உங்கள் கடிதத்தில் கடைசிக்கு முந்தின வரியில்தான் விஷயமே இருக்கிறது. அதில் ஒரு "மட்டும்" வேறு போட்டிருக்கிறீர்கள்.

போனில் பேசியபோது கேட்டுக்கொண்டேன். ராத்திரி 12-க்குப் போனால் விடிகாலை 5 வரை மார்க்கெட். லாரி வரக் காத்திருப்பது, டீ குடிப்பது போக, சுமக்கிற நேரம் மூன்று மணி நேரம் வரும் என்றீர்கள். ஐம்பது கிலோ வெங்காய மூட்டை, தக்காளிப் பெட்டி, முட்டைக்கோஸ் சாக்கு. அது முடிந்து முக்கால் மணி நேரத்தில் கிரவுண்டில் நிற்கிறீர்கள். இதையெல்லாம் "வேலை" என்று ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டு, ஓட்டத்தையும் ஜிம்மையும் மட்டும் "பயிற்சி" என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். உடம்புக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. கூலிக்குச் சுமந்தாலும் தேர்வுக்குச் சுமந்தாலும் இழுபடுவது அதே தசை, காலியாவது அதே சத்து.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அமெரிக்க உடற்பயிற்சி அறிவியலாளர் கார்ல் ஃபாஸ்டர் பரப்பிய எளிய முறை இது. ஒரு பயிற்சி முடிந்ததும், எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை நீங்களே ஒரு எண் போட வேண்டும். அதை எத்தனை நிமிடம் செய்தோமோ அதால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான்.

காலை ஓட்டம் 75 நிமிடம், கஷ்டம் 8 என்றீர்கள். ஒரு நாளைக்கு 600, ஆறு நாளுக்கு 3600. ஜிம் 60 நிமிடம், கஷ்டம் 6, நாலு நாளுக்கு 1440. ஆக நீங்கள் எண்ணுகிற பயிற்சி 5040. இப்போது மூட்டை. 180 நிமிடம், கஷ்டம் 6. ஒரு ராத்திரிக்கு 1080, நாலு ராத்திரிக்கு 4320. மொத்தம் 9360. அதில் கிட்டத்தட்ட பாதி உங்கள் நோட்டிலேயே இல்லை! கோச்சுக்கும் தெரியாது. அவர் 5040 வாங்குகிற பையன் என்று நினைத்து இன்னும் இரண்டு ரவுண்டு ஏற்றுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவரிடம் மார்க்கெட் விஷயத்தைச் சொல்லாதது உங்கள் பிழை.

பயிற்சி செய்யும்போது யாருக்கும் பலம் கூடுவதில்லை. அப்போது தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது, தசையில் சேமித்து வைத்திருந்த கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு கரைகிறது. பிறகு சாப்பிட்டு, படுத்து, தூங்கும்போதுதான் உடம்பு அதைச் சரிசெய்து, அடுத்த முறைக்கு என்று கொஞ்சம் கூடுதலாகக் கட்டிவைக்கிறது. காலியான கிளைகோஜன் முழுதாக நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டாலே ஒரு நாள் பிடிக்கும். நீங்கள் 45 நிமிடம் கொடுக்கிறீர்கள். முதல் இரண்டு மாதம் நேரம் குறைந்ததற்குக் காரணம், புதிதாக ஆரம்பிக்கிற உடம்பு எதைப் போட்டாலும் தாங்கும், இளம் வயது வேறு. அந்தக் கையிருப்பு தீர்ந்துவிட்டது. இப்போது கட்டும் முன்பே இடிக்கிறீர்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிற வீடு இல்லாமல் இருக்காது. போய்ப் பாருங்கள். ஒரு நாள் கம்மாயில் நீச்சல், ஒரு நாள் நடை, ஒரு நாள் மண்குத்து என்று மாற்றி மாற்றிப் பழக்குவார்கள். பருத்திக்கொட்டையும் உளுந்தும் பார்த்துப் பார்த்து வைப்பார்கள். வாடிவாசலுக்குப் போகிற முதல் நாள் அதை யாராவது ஓடவிட்டால் வீட்டில் சண்டையே வந்துவிடும். அதே வீட்டுப் பையன்தான் உடற்தகுதித் தேர்வுக்கு முதல் நாள் பத்து ரவுண்டு ஓடிவிட்டு என்னிடம் நொண்டிக்கொண்டு வருவான்.

லாக்டிக் ஆசிட் கதையை இத்தோடு விட்டுவிடலாம். ஓடும்போது ரத்தத்தில் கூடும் லாக்டேட், ஓட்டம் நின்ற ஒரு மணி நேரத்துக்குள் வழக்கமான அளவுக்கு இறங்கிவிடும். நீங்கள் இட்லி சாப்பிட்டுக் கைகழுவும்போது அது உடம்பில் தேங்கியிருக்காது. மறுநாளும் அதற்கு மறுநாளும் வருகிற தசைவலி, பழக்கமில்லாத இழுவையால் நார்களில் ஏற்பட்ட சேதத்தின் வலி. இன்னும் ஓடினால் அது எப்படிக் கரையும்?

நேரம் கூடுவது, கால் கனப்பது, அசதியிருந்தும் தூக்கம் வராதது, எரிச்சல் எல்லாம் சேர்ந்தால் அது உடம்பு மீளாமல் தவிக்கிற நிலை. இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் சில வாரத்தில் சரியாகும். இழுத்துக்கொண்டே போனால் மீள மாதக்கணக்கில் ஆகும். அப்படி ஆன ஒரு கபடி ஆட்டக்காரரை ஒரு சீசன் முழுக்கப் பெஞ்சில் உட்காரவைத்தது என் கைதான். அவர் இரண்டு மாதம் முன்பே என்னிடம் வந்திருந்தார். அப்போது நானும் முட்டியை மட்டும் பார்த்தேனே தவிர, மற்ற நேரமெல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அதிலிருந்து முதல் கேள்வியே அதுதான்.

இன்னொன்று. ஆண்களுக்கான 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதுதானே விதி? அது தகுதி ஓட்டம். 6.59-இல் வந்தவரும் 5.30-இல் வந்தவரும் ஒரே வரிசையில் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். மதிப்பெண் கிடைப்பது கயிறு ஏறுதல், தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம் ஆகியவற்றில். நீங்கள் விண்ணப்பிக்கிற அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இப்போதைய 6.25-லேயே நீங்கள் தேறிவிடுவீர்கள். காலை உடைத்துக்கொண்டு வாரம் ஆறு நாள் 1500-ஐத் துரத்த என்ன அவசியம்?

சரி, கால் வலிக்கு வருகிறேன். இதைத் தள்ளிப்போடக் கூடாது. முன்னெலும்பின் உள்விளிம்பை விரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலு விரல் அகலத்துக்குப் பரவலாக வலித்தால், எலும்பை ஒட்டிய சவ்வும் தசையும் எரிச்சலடைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஓய்வில் தணியும். ஒரே இடத்தில், விரல்நுனி அளவில், தொட்டால் துள்ளுகிற மாதிரி வலித்தாலோ, ஒற்றைக்காலில் குதித்தால் சுருக்கென்று குத்தினாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். அப்படியானால் அன்றோடு ஓட்டம் நிற்க வேண்டும். அரசு ராஜாஜி மருத்துவமனை எலும்பு சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஒரு எச்சரிக்கை: இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். "எக்ஸ்ரே நார்மல்" என்ற ஒரு வார்த்தையை நம்பி மறுநாளே ஓடி, விரிசலை முறிவாக்கிக்கொண்டவர்கள் உண்டு. வலி குறிப்பிட்ட புள்ளியில் இருந்தால் அதை டாக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்.

அதனால்தான் அந்தச் சீனியர் அண்ணன் தருகிற மாத்திரை எனக்குப் பிடிக்கவில்லை. "நிறுத்து" என்று எலும்பு சொல்வதை அது காதில் விழாமல் செய்துவிடும். டைக்ளோபினாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. ராத்திரி முழுக்க வேர்த்து, தண்ணீர் வற்றிய உடம்போடு, வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு ஓடுவது சிறுநீரகத்தோடும் இரைப்பையோடும் விளையாடுவது. கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் போனால், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிற நிலையாக இருக்கலாம். அண்ணனிடம் மரியாதையாகவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், உங்களுக்குப் பாதி மருந்து அதுதான். காலை 9 முதல் 12 வரை, பிறகு ராத்திரி எட்டரை முதல் 11 வரை என்று சொன்னீர்கள். கூட்டினால் ஐந்தரை மணி நேரம், அதுவும் இரண்டு துண்டாக. உங்கள் வயதுக்குச் சாதாரணமாகவே 7 முதல் 9 மணி நேரம் வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது ஆழ்ந்த உறக்கத்தில். 2011-இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், கூடைப்பந்து ஆட்டக்காரர்களைச் சில வாரம் தினமும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். ஓட்ட வேகமும் கூடியது, பந்து போடுகிற துல்லியமும் கூடியது. காசு செலவில்லாத ஊக்கமருந்து.

மதுரையைத் தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்வோம். அந்தப் பெருமையைச் சுமக்கிறவர்கள் மாட்டுத்தாவணியில் மூட்டை இறக்குகிறவர்களும் பூ மார்க்கெட்டில் மல்லிகை கட்டுகிறவர்களும்தான். வேலையை விடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை, வீட்டு நிலைமை உங்களுக்குத்தான் தெரியும். மாமாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: நாலு ராத்திரியையும் அடுத்தடுத்து வைத்துக்கொள்ள முடியுமா? ஒன்றுவிட்டு ஒரு ராத்திரி விழித்தால் எது பகல் எது இரவு என்று உடம்பு குழம்பிப்போகும். மார்க்கெட் முடிந்த காலையில் கிரவுண்டு கிடையாது. நேரே வீடு. அதுவும் தூக்கக் கலக்கத்தில் நாலுவழிச் சாலையில் பைக் ஓட்டாதீர்கள், பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே இருக்கிறது, பஸ்ஸில் போங்கள். கடைசி டீ 2 மணியோடு போதும். குடித்த டீயின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். நாலரை மணி டீயோடு ஆறரைக்குப் படுத்தால் கண்ணை மூடிக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்த கதைதான்.

ஜன்னலுக்குக் கெட்டியான போர்வையோ சாக்கோ கட்டி இருட்டாக்குங்கள். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடுகிற ஊர், ஓட்டு வீடானாலும் மாடி வீடானாலும் பகலில் தகிக்கும். தரையில் தண்ணீர் தெளித்து, பாயில், ஃபேனுக்கு நேரே. ஆறரையிலிருந்து 12 மணி வரை எழுப்பக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள். பகலில் படுத்தால் மூதேவி என்பார்கள், தெரியும். ராத்திரி வேலை பார்க்கிறவனுக்கு அது பொருந்தாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கோயில் திருவிழா ஸ்பீக்கருக்கு மட்டும் என்னிடம் வைத்தியம் இல்லை, காதில் பஞ்சு.

இனி சாப்பாடு. மார்க்கெட்டில் டீயும் பன்னும், ஓடிவிட்டு வந்து நாலு இட்லி, மத்தியானம் சாதம், ராத்திரி தோசை என்றீர்கள். உங்கள் உழைப்புக்கு இது ஒரு ஆபீஸ் குமாஸ்தாவின் சாப்பாடு. புரதம் கிலோ எடைக்கு 1.6 கிராம் என்று வைத்தால் உங்களுக்கு நாளைக்கு 98 கிராம் போல வேண்டும். பவுடர் இல்லாமலே வரும், பாருங்கள். நாலு முட்டை 24 கிராம். அரை லிட்டர் பால் 16. ஊறவைக்காமல் எடைபோட்ட 75 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல் 15. ஒரு பெரிய கைப்பிடி நிலக்கடலை 12. சாம்பார்ப் பருப்பில் 9. நாள் முழுதும் சாப்பிடுகிற அரிசியில் 28, அரிசியை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 104 ஆகிவிட்டது. மீனோ கோழியோ வருகிற நாளில் சுண்டலை விட்டாலும் சரி. பவுடர் விஷமல்ல, ஆனால் பாலும் முட்டையும் வாங்கக் காசை எண்ணுகிற வீட்டில் அதற்கு அவசரமில்லை.

புரதத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். உங்களுக்கு அதைவிடக் குறைவது சோறு. தசைச் சேமிப்பை நிரப்புவது மாவுச்சத்து, கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் வேண்டும். மூட்டை இறக்கி வந்த காலையில் வெறும் வயிற்றோடு படுக்காமல், பழைய சோறு, கெட்டி மோர், உப்பு, சின்ன வெங்காயம், கூட இரண்டு அவித்த முட்டை. வேர்வையில் போன தண்ணீரும் உப்பும், மாவுச்சத்தும் புரதமும் ஒரே கும்பாவில் திரும்பி வருகின்றன. எவ்வளவு தண்ணீர் போனது என்று தெரிய வேண்டுமானால், மார்க்கெட் எடைமேடை எதற்கு இருக்கிறது? போகும்போதும் வரும்போதும் ஏறி நில்லுங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை அடுத்த சில மணி நேரத்தில் குடிக்க வேண்டும், ஒரே மூச்சில் அல்ல.

ஐஸ் தண்ணீர் தசைவலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஆனால் பளு தூக்கிய பிறகு வழக்கமாக அதில் உட்கார்ந்தால் தசை வளர்வதைக் குறைக்கும் என்று 2015-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. உங்களுக்குத் தேவையில்லை. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், அது தசையைக் கட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணெய் தேய்த்த அன்று வெயிலில் அலையக் கூடாது என்று பெரியவர்கள் போட்ட கட்டுப்பாடு இருக்கிறதே, அது ஒரு முழு ஓய்வு நாளை நமக்கு வாங்கித்தருகிறது. பகலில் தூங்கவும் கூடாது என்பார்கள், அதை மட்டும் உங்களுக்காகத் தளர்த்திவிடலாம்.

முதல் பத்து நாள் ஓட்டமே வேண்டாம். கால் எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவாகும்வரை, கிணற்றில் நீச்சல் அரை மணி நேரம் போதும், எலும்பில் இடி விழாது. ஜிம்மும் லீவு. எலும்பு சரி என்று தெரிந்த பிறகு, மார்க்கெட் இல்லாத மூன்று நாளில் முதல் நாளும் மூன்றாம் நாளும் கடினம்: 60 நிமிடம், வேக ஓட்டம், கயிறு, தாண்டுதல். அன்று சாயங்காலமே 45 நிமிடம் ஜிம். நடு நாள் ஒன்றுமே இல்லை, நூலகம் மட்டும். மார்க்கெட் நாட்களில் இரண்டு நாள், தூங்கி எழுந்து சாயங்காலம் 40 நிமிடம் கம்மாய்க் கரையில் மெதுவோட்டம். மெதுவென்றால், கூட ஓடுகிறவரிடம் மூச்சு வாங்காமல் ஊர்க்கதை பேச முடிகிற மெதுவு. இளைஞர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம், யாராவது முந்தினால் பொறுக்காது. ஜிம்மில் தரையிலிருந்து பளுவைத் தூக்கி நிமிர்கிற டெட்லிஃப்டை எடுத்துவிடுங்கள். வாரம் நாலு ராத்திரி மூட்டை தூக்குகிற முதுகுக்கு அது எதற்கு?

இந்த வாரத்தின் கணக்கு: கடின ஓட்டம் 960, மெதுவோட்டம் 240, ஜிம் 540, மூட்டை 4320. மொத்தம் 6060. முன்பைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது, மூட்டையில் கை வைக்காமலே. வெங்காய சீசனில் லோடு கூடினால் அந்த வாரம் ஒரு கடின நாளை வெட்டுங்கள், இரண்டையும் ஒரே நோட்டில் எழுதினால்தான் அது கண்ணுக்குத் தெரியும். உடற்தகுதித் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பிருந்து ஓடுகிற தூரத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தை மட்டும் விடாதீர்கள். முடிந்தால் அந்த இரண்டு வாரம் மாமாவிடம் லீவு கேளுங்கள். மார்க்கெட்டில் அவருக்குத் தெரிந்த வேறு ஆள் கிடைப்பார்.

தினமும் தூங்கி எழுந்ததும், படுக்கையிலேயே, மணிக்கட்டில் நாடியை ஒரு நிமிடம் எண்ணி அதே நோட்டில் குறித்துவாருங்கள். வழக்கத்தைவிட 7, 8 துடிப்பு கூடுதலாக மூன்று நாள் தொடர்ந்தால், அன்றைய கடினப் பயிற்சி மெதுவோட்டமாகட்டும். ஓடத் தொடங்கி மூன்றாவது வாரம் 1500 ஒருமுறை ஓடிப் பாருங்கள். அப்போதும் கால் கனத்து, அசதி தீராமல் இருந்தால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு, சர்க்கரை நாலையும் பார்த்துவிடலாம். ரிசல்ட்டோடு அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள். வருகிற வழியில் கோச்சையும் கூட்டிவர முடிந்தால் இன்னும் நல்லது, அவரிடம் மூட்டைக் கணக்கை நானே காட்டுகிறேன்.